பொதுக் கருவிகளும் ஹைட்ராலிக் எண்ணெய்க் கலப்பும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து வடக்கே செல்வோர்க்கு ரஞ்சன்குடிக் கோட்டை புலப்படும். அக்கோட்டையைச் சூழ்ந்த கிராமங்கள் பெரும்பாலும் கரிசல் நிலம் உடையவை. வானத்தை நோக்கியே வெள்ளாமை செய்பவை. மக்காச்சோளமும் பருத்தியும் இங்குப் பிரதானப் பயிர்கள். கிணற்றுப் பாசனமுள்ள இடங்களில் சின்ன வெங்காயமும் விசேஷமாகப் பயிராகிறது. கரிசல் நிலத்தின் சுபாவத்தை இப்பகுதிக் குடியானவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஈரம் மிகுந்தால் காலை இழுக்கும். ஈரம் காய்ந்தால் கல்லாய் இறுகிப் பாளம் பாளமாய் வெடிக்கும். உழவுக்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். அந்தச் சில நாட்களுக்குள் ஊரார் அனைவரும் உழுதாக வேண்டும்.

இக்காரணத்தினாலேயே கருவிகளை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கும் வழக்கம் இப்பகுதியில் வேரூன்றியிருக்கிறது. முற்காலத்தில் ஏர் மாடுகளை மாற்றிக்கொண்டவர்கள் இக்காலத்தில் டிராக்டர்க் கருவிகளை மாற்றிக்கொள்கிறார்கள். டிராக்டர் வைத்திருப்போர் எல்லோரும் புரட்டுக் கலப்பையும், டிப்பரும், லேசர் முறையில் நிலத்தைச் சமன்செய்யும் கருவியும் தனித்தனியே வாங்குவது இயலாது. வாங்கினும் வருஷத்தில் பெரும்பகுதி அவை கொட்டகையிலேயே கிடக்கும். தமிழ்நாட்டில் 2017-18-ம் வருஷத்தில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட ஒவ்வோர் உற்பத்தியாளர் குழுவுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியாகக் கொடுக்கப்பட்டு, அதனைக் கொண்டு பொதுக் கருவிகள் வாங்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் வேளாண்மை இயந்திரமயமாக்கல் உப இயக்கம் 2014-15-ல் தோன்றியதிலிருந்து வாடகை மையங்கள் அமைப்பதற்கும் மானியம் கிடைத்து வந்திருக்கிறது. இவற்றால் ஒரே கலப்பை ஒரே வாரத்தில் நான்கு டிராக்டர்களின் பின்னால் ஓடுவது இன்று சாதாரணக் காட்சி. அந்நான்கும் ஒரே கம்பெனியினவாக இருப்பது மிக அரிது.

இவ்வழக்கம் நல்லதே, அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் கருவி கைமாறும்போது கண்ணுக்குத் தெரியாமல் கைமாறும் மற்றொரு பொருள் உண்டு. அதுவே ஹைட்ராலிக் எண்ணெய். அதனை அசட்டை செய்வதால் நேரும் நஷ்டம் யாது, அதனைத் தடுக்கும் உபாயம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

வெளிப்பொருத்தம் ஒன்று, உட்பொருத்தம் வேறு

டிராக்டரின் பின்புறத்தில் மூன்று கைகளால் கருவியைப் பிடித்து, எண்ணெயின் விசையால் தூக்கி இறக்கும் முறையை வழக்கத்திற்குக் கொணர்ந்தவர் ஹாரி பெர்குசன் என்பவர். 1936-ல் பெர்குசன்-பிரௌன் டிராக்டரிலும், 1939-ல் போர்டு டிராக்டரிலும் இம்முறை அமைந்து உலகெங்கும் பரவிற்று. பிற்காலத்தில் இந்த மூன்று கைகளின் அளவுகளும், ஊசிகளின் கனமும், ஹோஸ் குழாய்களை மாட்டும் கப்ளர்களின் அளவும் சர்வதேசத் தரங்களாக வகுக்கப்பட்டன. ஆகவே ஒரு கம்பெனிக் கலப்பை மற்றொரு கம்பெனி டிராக்டரில் சிரமமின்றிப் பொருந்துகிறது. இவ்வாறு வெளியே பொருந்துவதைக் கண்டு, உள்ளேயும் எல்லாம் ஒன்றே என்று குடியானவர்கள் எண்ணிவிடுகிறார்கள். எண்ணெய் விஷயத்தில் அத்தகைய ஒற்றுமை இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் டிராக்டரின் கியர், பிரேக், பம்பு ஆகியவற்றின் அமைப்புக்கேற்ற எண்ணெயைத் தனித்தனியே விதித்திருக்கிறது. ஜான் டியர் ஜே20சி என்றும், மாஸி பெர்குசன் எம்1145 என்றும், குபோட்டா சூப்பர் யூ.டி.டி. என்றும், நியூ ஹாலண்டு மேட் 3525 என்றும் குறிக்கும் தரங்கள் உலகச் சந்தையில் வழங்குகின்றன. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் விதி மாறக்கூடும். தங்கள் டிராக்டருக்கு உரியது எது என்பதை அதனுடன் வந்த கையேட்டைப் பார்த்தே நிச்சயிக்க வேண்டும்.

எந்தக் கருவிகளில் இப்பயம் உண்டு?

எல்லாக் கருவிகளிலும் எண்ணெய் கலப்பதில்லை. ஐந்து கலப்பை, ஒன்பது கலப்பை, ரோட்டவேட்டர், விதைப்புக் கருவி முதலியவை டிராக்டரின் கைகளாலேயே தூக்கப்படுகின்றன. ரோட்டவேட்டர் பின்தண்டின் சுழற்சியால் ஓடுகிறது. டிராக்டரின் எண்ணெய் இவற்றுள் புகுவதேயில்லை. இவற்றை யார் வேண்டுமாயினும் மாற்றிக்கொள்ளலாம்.

ஹோஸ் குழாயும் ஜாக்கியும் உடைய கருவிகளே கவனத்திற்குரியவை. எண்ணெய் விசையால் திரும்பும் புரட்டுக் கலப்பை, டிராக்டரின் எண்ணெயாலேயே தூக்கிக் கவிழ்க்கும் டிப்பர், சமன்செய்யும் கருவி, முன்புறம் பொருத்தும் லோடர் ஆகியவை இவ்வகையின. இவற்றில் ஜாக்கி நீளும்போது டிராக்டரின் எண்ணெய் கருவிக்குள் செல்கிறது. சுருங்கும்போது கருவியின் எண்ணெய் டிராக்டருக்குத் திரும்புகிறது. நேற்று பக்கத்து வீட்டு டிராக்டரில் பூட்டிய கலப்பையை இன்று நம் டிராக்டரில் பூட்டினால், அவ்வீட்டு எண்ணெய் நம் டிராக்டரின் வயிற்றில் வந்து சேருகிறது. பின்தண்டால் ஓடும் பம்பும் தனித் தொட்டியும் உடைய டிப்பர்களில் இக்கலப்பு இல்லை. பல கைகளில் புழங்கும் பொது டிப்பர் வாங்குகிறவர்கள் இவ்வகையையே தெரிந்துகொள்வது உத்தமம்.

ஓர் எண்ணெய், பல வேலை

ஹைட்ராலிக் எண்ணெய் என்றால் தூக்கி இறக்கும் வேலைக்கு மட்டுமே உரியது என்பது பலருடைய எண்ணம். தற்காலத்து டிராக்டர்கள் பலவற்றில் கியர்ப் பெட்டிக்கும், பின் அச்சுக்கும், ஹைட்ராலிக்குக்கும், எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்கும் ஒரே எண்ணெயே பொதுவாக இருக்கிறது. அவ்வெண்ணெய் கியர்ப் பற்கள் ஒன்றையொன்று தேய்க்காவண்ணம் நடுவில் நின்று காக்க வேண்டும். பம்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். சூட்டை வெளியே கொண்டு செல்ல வேண்டும். பிரேக் தட்டுகள் வழுக்கவும் கூடாது, வெடுக்கென்று பிடித்து அதிரவும் கூடாது என்னும்படி அளவான பிடிமானத்தையும் கொடுக்க வேண்டும். இவ்வேலைகளுக்கென்றே வெவ்வேறு மருந்துச் சரக்குகள் அதில் சேர்க்கப்படுகின்றன. இவ்வகை எண்ணெயை வியாபாரத்தில் யூ.டி.டி.ஓ. என்று குறிப்பார்கள்.

வேறு சில டிராக்டர்களில், விசேஷமாகப் பழைய மாடல்களில், கியருக்கு ஓர் எண்ணெயும் ஹைட்ராலிக்குக்கு வேறோர் எண்ணெயும் தனித்தனி அறைகளில் இருக்கும். அந்த ஹைட்ராலிக் அறைக்குச் சாதாரண 46 அல்லது 68 நம்பர் ஹைட்ராலிக் எண்ணெய் போதுமாயிருக்கலாம். அத்தகைய டிராக்டரில் பூட்டியிருந்த கருவியைப் பொது எண்ணெய் உடைய டிராக்டருக்கு மாற்றும்போது, பிரேக்குக்கும் கியருக்கும் ஏற்பில்லாத எண்ணெய் உள்ளே நுழைகிறது. கேடு பெரும்பாலும் தொடங்குவது இவ்விடத்திலேதான்.

நம்பரைப் பற்றிய ஒரு தவறு

டின்களின்மேல் 68 என்றும் 90 என்றும் எழுதியிருப்பதைக் கண்டு, 90 நம்பர் எண்ணெய் 68 நம்பர் எண்ணெயைவிடச் சற்றே கனமானது என்று எண்ணுவோர் அநேகர். இது பெருந்தவறு. இவ்விரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். படியையும் முழத்தையும் ஒப்பிடுவது போன்றதாகும். ஹைட்ராலிக் எண்ணெயின் 68 என்பது 40 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அதன் குழைவைக் குறிக்கும் சர்வதேச எண். கியர் எண்ணெயின் 90 என்பது வேறொரு சங்கத்தார் வகுத்த வரிசை எண். அந்தத் 90 நம்பர் கியர் எண்ணெயைச் சர்வதேச அளவுகோலில் நிறுத்தினால் சுமார் 220-க்கு ஒப்பாகும். அதாவது 68 நம்பர் எண்ணெயைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. இதனை ஹைட்ராலிக் அறையில் வார்த்தால், காலையில் டிராக்டரைக் கிளப்பியவுடன் பம்பு எண்ணெயை இழுக்க மாட்டாமல் அலறும். கருவி மெல்ல ஏறும்.

எண்ணெயின் நிறத்தைக் கொண்டு வகையைத் தீர்மானிப்பதும் அவ்வாறே தவறானது. நிறம் என்பது தயாரிப்போர் அடையாளத்திற்காகச் சேர்க்கும் சாயமாகவும் இருக்கலாம். சிவப்பெண்ணெய் இரண்டு ஒன்றோடொன்று ஒவ்வாமலும், சிவப்பும் மஞ்சளும் ஒத்துப்போவதும் கூடும்.

கலப்பதால் விளையும் கேடுகள்

கனிம எண்ணெய்கள் இரண்டைக் கலந்தால் அவை தண்ணீரும் எண்ணெயும்போல் பிரிந்து நிற்பதில்லை, நன்றாகவே கலந்துவிடும். சண்டை இடுவன அவற்றுள் சேர்ந்திருக்கும் மருந்துச் சரக்குகளே.

முதலாவது, துத்தநாகச் சரக்கு சேர்ந்த எண்ணெயும் அது சேராத எண்ணெயும் உண்டு. ஒன்றில் அமிலத் தன்மையுள்ள சரக்கும் மற்றொன்றில் காரத் தன்மையுள்ள சரக்கும் இருந்து அவை கூடினால், சவர்க்காரம் போன்ற ஒரு மண்டி உண்டாகக்கூடும். அது பில்டர் என்னும் வடிகட்டியை அடைக்கும். பில்டர் அடைத்தால் பம்பு எண்ணெயின்றித் தவித்துத் தேயும்.

இரண்டாவது, நுரை. ஒவ்வோர் எண்ணெயிலும் நுரையை அடக்கும் சரக்கு அளவறிந்து சேர்க்கப்பட்டிருக்கும். கலப்பில் அந்த அளவு குலைந்தால் எண்ணெய் நுரைக்கும். எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, காற்றோ சுருங்கும். ஆகையால் நுரைத்த எண்ணெயால் தூக்கும் கலப்பை துடித்துத் துடித்து ஏறும். தூக்கிய நிலையில் நில்லாமல் தாழும்.

மூன்றாவது, பிரேக். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. எண்ணெயில் மூழ்கிய பிரேக்குத் தட்டுகளின் பிடிமானம் அவ்வெண்ணெயில் சேர்ந்த சரக்கைப் பொறுத்தது. சாதாரண ஹைட்ராலிக் எண்ணெயோ என்ஜின் எண்ணெயோ மிகுதியாகக் கலந்தால், பிரேக் மிதிக்கையில் கிறீச்சிடும், அதிரும், அல்லது பிடிமானம் குறையும். மக்காச்சோள மூட்டைகளை ஏற்றிய டிரெய்லருடன் பெருஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் ரஞ்சன்குடிப் பக்கத்துக் குடியானவர், வேகமாய் வரும் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே தம் உயிரையும் பிறர் உயிரையும் அந்தப் பிரேக்கின் மேலேயே வைத்திருக்கிறார். பம்பு கெட்டால் பணம் கொடுத்துப் புதிதாக வாங்கலாம். பிரேக் கைவிட்டால் எதைக் கொடுத்தும் மீட்க முடியாது.

நான்காவது, சில கியர் எண்ணெய்களில் உள்ள கந்தகச் சரக்குகள் மிகுந்த சூட்டில் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக் கூடும்.

ஐந்தாவதாக ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மோட்டார் வாகனங்களின் பிரேக்குக்கு ஊற்றும் சிறு டப்பி பிரேக் திரவத்தை ஒருக்காலும் டிராக்டரின் ஹைட்ராலிக்கில் ஊற்றலாகாது. அது கனிம எண்ணெயே அன்று. எண்ணெயோடு கலவாது, ஹைட்ராலிக் பாகங்களில் உள்ள ரப்பர் சீல்களையும் ஊதிப் பெருக்கவைத்துக் கெடுக்கும்.

எவ்வளவு கலக்கிறது? ஒரு கணக்கு

“ஒரு குழாய் எண்ணெய் கலந்தால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. கணக்கிட்டுப் பார்ப்போம்.

உள்விட்டம் 8 சென்டிமீட்டரும் ஓட்டம் 50 சென்டிமீட்டரும் உள்ள ஒரு ஜாக்கி நிறைய நீளும்போது சுமார் 2½ லிட்டர் எண்ணெயைக் கொள்ளும். அரை அங்குல ஹோஸ் 3 மீட்டர் நீளத்திற்குச் சுமார் 380 மில்லி கொள்ளும். ஹோஸ் இரண்டாயின் முக்கால் லிட்டர். ஆக மூன்றேகால் லிட்டர். டிராக்டரில் 40 லிட்டர் பொது எண்ணெய் இருப்பதாகக் கொண்டால், இது 100-க்கு 8 பங்கு. புரட்டுக் கலப்பையின் ஜாக்கி இதைவிடச் சிறியது. உள்விட்டம் 6.3, ஓட்டம் 20 சென்டிமீட்டர் எனக் கொண்டால் அது கொள்வது சுமார் 620 மில்லி மட்டுமே.

ஒரு தடவை கலப்பதால் உடனே யந்திரம் நின்றுவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும். பீதி கொள்ள வேண்டியதில்லை. கேடு திரும்பத் திரும்பச் சேர்வதிலே இருக்கிறது. தலைக்கு 40 லிட்டர் எண்ணெயுள்ள இரண்டு டிராக்டர்களுக்கும் 2 லிட்டர் கொள்ளும் ஒரு கருவியை மாறி மாறிப் பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். கருவியின் எண்ணெய் ஒவ்வொரு தடவையும் முழுதும் கலக்குமாயின், பத்துச் சுற்று முடிவில் ஒவ்வொரு டிராக்டரிலும் 100-க்கு ஏறக்குறைய 30 பங்கு மற்ற டிராக்டரின் எண்ணெயாயிருக்கும். ஒரே பருவத்தில் பத்து முறை கைமாறும் கருவிகள் நம் கிராமங்களில் உண்டு. துளித் துளியாய்ச் சேர்ந்த கலப்பு, எண்ணெய் மாற்றும் காலத்திற்குள் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடுகிறது. யாரும் ஊற்றாத எண்ணெய் டிராக்டருக்குள் இருப்பதன் மர்மம் இதுவே.

அளவு குறைதலும் மிகுதலும்

கலப்பைப் போலவே அளவிலும் கவனம் வேண்டும். பெரிய டிப்பரின் ஜாக்கி முழுதும் நீளும்போது பல லிட்டர் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சராசரி விட்டம் 10 சென்டிமீட்டரும் நீளம் 120 சென்டிமீட்டரும் ஆயின் 9 லிட்டருக்கு மேலாகும். அப்போது டிராக்டரின் எண்ணெய் மட்டம் தாழ்ந்து, பம்பு காற்றை இழுக்கும். ஒரு டிராக்டர் எவ்வளவு எண்ணெயை வெளிக்கருவிக்குக் கொடுக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

ஜாக்கி நீண்ட நிலையிலேயே கருவியைக் கழற்றிக் கொடுத்தால், நம் எண்ணெய் அடுத்தவர் டிராக்டருக்குப் போய்விடுகிறது. நமக்கு மட்டம் குறைகிறது; அவருக்கு மிகுகிறது. மட்டம் மிகுந்தாலும் எண்ணெய் கடையப்பட்டு நுரைத்துச் சூடேறும். இதனை அறியாமல், கைக்குக் கிடைத்த எண்ணெயைக் குறைந்த டிராக்டரில் ஊற்றி நிரப்புகிறார்கள். இரண்டாவது கலப்பு இவ்வாறு நேர்கிறது. ஆகையால் கருவியைக் கழற்றுமுன் ஜாக்கியை முழுதும் சுருக்கி, எண்ணெயைத் தன் டிராக்டருக்கே திருப்பிக்கொள்வது முறை. ஒருபக்கம் மட்டும் எண்ணெய் தள்ளும் டிப்பர் ஜாக்கியில் இதனால் ஏறக்குறைய எல்லா எண்ணெயும் வீடு திரும்பிவிடும். இருபக்கமும் எண்ணெய் தள்ளும் ஜாக்கியில் மறுபக்க அறையில் எண்ணெய் தங்கும். எனினும் அளவு குறையும்.

கலப்பினும் கொடியது அழுக்கு

எண்ணெய்க் கலப்பைப் பற்றி இவ்வளவு கூறியும், அதனினும் விரைவில் கெடுப்பது அழுக்கு என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பம்பிலும் வால்விலும் உள்ள பாகங்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமாகும். தலைமயிரின் கனத்தில் அது மிகச் சிறு பகுதி. கரிசல் புழுதி அதனுள் புகுந்தால் சாணைக்கல்போல் அராவும். கலப்பையைக் கழற்றியபின் ஹோஸ் முனைகளை மண்ணில் போட்டு இழுப்பதும், அப்படியே துடைக்காமல் அடுத்த டிராக்டரில் மாட்டுவதும் எங்கும் காணும் காட்சி. ஹோஸ் முனைகளுக்கும் டிராக்டரின் கப்ளர்களுக்கும் மூடிகள் உண்டு. மூடி தொலைந்தால் புதிதாக வாங்கி மாட்ட வேண்டும். அதன் விலை அற்பம். கந்தைத் துணியைத் திணித்து வைப்பது மூடியாகாது. அதன் நூலே உள்ளே செல்லும்.

ஏரிப் பாய்ச்சலில் நெல் வயல் சேறடித்த டிராக்டர்களில் தண்ணீர் உள்ளே புகுந்திருப்பதும் உண்டு. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது அதற்கு அடையாளம். அத்தகைய டிராக்டரிலிருந்து வரும் கருவி தண்ணீரையும் சுமந்துவரும். ஆகவே கருவியை வாங்குமுன், கொடுப்பவர் டிராக்டரின் அளவுக் குச்சியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது குற்றமாகாது. பெண் கொள்ளுமுன் குடும்பம் விசாரிப்பதைப் போன்றதே இது.

குழுவினர் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

கருவியைப் பொதுவில் வைத்திருக்கும் குழுவினர் முதலாவதாகத் தங்கள் உறுப்பினர்களின் டிராக்டர்க் கையேடுகளை ஒரிடத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் விதித்துள்ள எண்ணெய்த் தரத்தைக் குறித்துக்கொண்டு, அத்தரங்கள் எல்லாவற்றையும் பூர்த்தி செய்வதாகத் தயாரிப்பாளர் எழுத்தில் குறித்திருக்கும் ஓர் எண்ணெய் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். கிடைக்குமாயின், அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது எல்லோரும் அதற்கே மாறிவிடுவது சிறந்த உபாயம். பிறகு எத்தனை முறை கருவி கைமாறினும் கவலையில்லை. “எல்லா டிராக்டருக்கும் ஏற்றது” என்று பொதுவாக அச்சிட்டிருப்பதை நம்பலாகாது. தங்கள் கம்பெனியின் தர எண் டின்னில் தெளிவாக இருக்கிறதா என்பதே கேள்வி. விலை மலிவென்று பேரற்ற பீப்பாயிலிருந்து சில்லறையாக வாங்குவதைக் கைவிட வேண்டும்.

இது கைகூடாதாயின், எண்ணெய் ஒத்த டிராக்டர்களை ஒரு பிரிவாகவும் ஒவ்வாதவற்றை மற்றொரு பிரிவாகவும் வகுத்துக்கொள்ளலாம். பொதுக் கருவியை ஒரு பிரிவாரின் முறை முழுதும் முடிந்தபின்னரே மறுபிரிவாருக்குக் கொடுத்தால், பத்து முறை நேரும் கலப்பு ஒரே முறையோடு நிற்கும். பிரிவு மாறும்போது மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கருவியின் ஜாக்கியையும் ஹோஸ்களையும் வடித்துவிட்டுக் கொடுப்பது இன்னும் மேலானது.

இரண்டு எண்ணெய்களும் ஒவ்வுமா என்று வீட்டிலேயே ஒருவாறு சோதிக்கலாம். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் இரண்டையும் சமபாகமாக ஊற்றிக் குலுக்கி, வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, இரண்டு நாள் அசையாமல் வைக்க வேண்டும். கலங்கினாலும், அடியில் மண்டி தங்கினாலும், கூழ்போல் திரண்டாலும் அவை ஒவ்வாதவை என்பது நிச்சயம். தெளிவாக இருந்துவிட்டால் ஒவ்வும் என்று முடிவு கட்டலாகாது; பிரேக்கின் பிடிமானத்தைப் பாட்டில் காட்டாது. இச்சோதனை வேண்டாததை விலக்குவதற்கு மட்டுமே உதவும்.

ஏற்கெனவே கலந்துவிட்டால்

கலந்தது இருபதில் ஒரு பங்குக்கு உட்பட்டு, இரண்டும் டிராக்டர்களுக்குரிய பொது எண்ணெய்களாகவே இருந்தால், பதறாமல் வேலையை முடித்துக்கொண்டு, அடுத்த எண்ணெய் மாற்றத்தை முன்னதாகவே செய்துகொள்ளலாம். அதுவரை பிரேக்கின் சத்தத்தையும், கருவி தாழ்கிறதா என்பதையும், குச்சியில் நுரை காண்கிறதா என்பதையும் நாள்தோறும் கவனிக்க வேண்டும். என்ஜின் எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் திரவம் இவற்றில் ஒன்றைத் தவறுதலாக ஊற்றியிருந்தாலும், பிரேக்கில் மாறுதல் கண்டாலும், அத்துடன் டிராக்டரை நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் முழுவதையும் வடித்து, பில்டரை மாற்றி, உரிய எண்ணெயை நிரப்புவதே பரிகாரம். பிரேக் திரவம் கலந்திருந்தால் சீல்களையும் பரிசோதிக்க வேண்டும். வடிக்கும்போது கருவியின் ஜாக்கியிலும் ஹோஸ்களிலும் உள்ள எண்ணெயை மறந்துவிடலாகாது. அதனை விட்டுவிட்டால் புதிய எண்ணெயிலும் பழைய பிழை வந்து கலக்கும்.

உயிருக்கு அபாயம்

ஹைட்ராலிக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை அழுத்தம் இருக்கக்கூடும். ஊசித் துவாரம்போன்ற ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும். ஒழுக்கைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஓர் அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் தோலுக்குள் சென்றால் வெளிக்காயம் சிறிதாகவே தோன்றும். வலியும் முதலில் தெரியாமலிருக்கலாம். அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால் கையையே இழக்க நேரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, எண்ணெய் புகுந்ததென்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஹோஸ்களைக் கழற்றுமுன் கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லீவரை இருபுறமும் அசைத்து அழுத்தத்தைப் போக்குவதும், தூக்கிய டிப்பரின் கீழ் முட்டுக்கொடுக்காமல் நுழையாதிருப்பதும் கட்டாயமான விதிகள்.

கிராம அதிகாரிகளுக்கு

கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களும், உழவர் குழுத் தலைவர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும், வேளாண்மை உதவி அலுவலர்களும் இவ்விஷயத்தில் பேருதவி செய்யக்கூடும். பொதுக் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கருவி எந்தத் தேதியில் யாருடைய டிராக்டருக்குப் போயிற்று, அந்த டிராக்டரில் உள்ள எண்ணெய் எது, ஜாக்கி சுருங்கிய நிலையில் ஒப்படைக்கப்பட்டதா, மூடிகள் இருந்தனவா என்று நான்கு கலங்களில் எழுதிவந்தால் போதும். கருவியின் மீதே எண்ணெயின் பெயரைப் பெயிண்டால் எழுதிவைப்பதும் நலம். பம்பு கெட்டபின் யார்மேல் பழி என்று சாவடியில் நடக்கும் வழக்குகளில் பல இந்நோட்டுப் புத்தகத்தினாலேயே தீரும். பல தோன்றவும் மாட்டா.

வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றடியிலோ, ஏரி வாய்க்காலிலோ, வரப்பிலோ கொட்டலாகாது. அது நிலத்தடி நீரைக் கெடுக்கும். உபயோகித்த எண்ணெய் 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. அதனை மூடிய டின்னில் சேர்த்துவைத்து, அனுமதி பெற்றுப் பழைய எண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

முடிவாக, கருவியைக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் கரிசல் சீமைக்கு இன்றியமையாதவை. பதம் தவறினால் பருவம் தவறும். பருவம் தவறினால் அவ்வருஷத்து வெள்ளாமை தவறும். ஐப்பசி மழைக்குமுன் நிலத்தைத் தயார் செய்ய ஒரே கலப்பைக்காக நான்கு பேர் காத்திருக்கும் வேளையில், பம்பு கெட்டு டிராக்டர் நின்றால் நஷ்டம் ஒருவருக்கு மட்டும் அன்று. வரிசையில் நிற்கும் நால்வருக்குமே. கருவியைக் கேட்க வருகிறவரிடம், “உங்கள் டிராக்டரில் என்ன ஆயில்?” என்று ஒரு வார்த்தை கேட்பதை வழக்கமாக்கிக்கொள்வோமாயின், இந்நஷ்டத்தில் பெரும்பகுதி நேராது தடுக்கப்படும்.